சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் ஏறி தருமபுரி வந்து நிற்கும் லாரிக்கு அடியில் எண்ணெய் சொட்டினால், உடனே ஆயில் சம்ப்பைக் கழற்றச் சொல்கிறோம். அது வீண் செலவு. மேலே கசிவது கீழே வழியும்; ஓட்டத்தில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். இன்ஜினைக் கழுவித் துடைத்து, சிறிது தூரம் ஓட்டி, டார்ச் அடித்து, ஈரம் தொடங்கும் மேல்முனையைத் தேட வேண்டும். டேப்பட் கவர் கேஸ்கட், ஆயில் ஃபில்டர், டிரெயின் போல்ட் வாஷர் என விலை குறைந்த சாமான்களை முதலில் சந்தேகிக்கலாம். பிரீதர் குழாய் அடைத்திருந்தால் உள்ளழுத்தம் ஏறி, புது ஆயில் சீலும் கசியும். எனவே, கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்கென்று தனிக் கூலி கேட்கும் மெக்கானிக்கிடம் பேரம் பேசாதீர்கள். மலைச்சரிவில் சிந்தும் எண்ணெய் பின்னால் வரும் இருசக்கர வாகனத்தைச் சறுக்கி விழ வைக்கும். அந்த ஆபத்துக்கு முன் இந்தக் கூலி மிகக் குறைவு.