கப்பலிலிருந்து இறங்கிய நால்வர்

நம் வீடுகளில் ஒரு பிள்ளையோ பெண்ணோ, "நான் டாக்டராகப் போகிறேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும்; அன்று முதல் அது அந்தக் குழந்தையின் சொந்த விஷயமாக இருப்பதில்லை. பாட்டி தன் முழங்கால் வலியை அதற்கென்று பத்திரப்படுத்தி வைக்கிறாள். மாமா, கலியாண வீடுகளில் "எங்கள் டாக்டர்" என்று அறிமுகம் செய்து வைக்கிறார். பிறகு ஒரு நாள் அந்தப் பிள்ளை, "வேறு வழியில் போகலாமென்று இருக்கிறேன்" என்று மெல்லச் சொன்னால், வீட்டில் விழும் மௌனம் இருக்கிறதே, அதை எழுத்தில் சொல்வது கஷ்டம்!

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர் வீடுகளிலும் இந்த மௌனம் விழுவதுண்டு. அதைத் தொடர்ந்து பிள்ளையின் வாயிலிருந்து வரும் சொல், "பி. ஏ." என்பது. "பட்டம்தான் வாங்கியாயிற்றே, இன்னும் என்ன பி. ஏ.?" என்று இங்கிருந்து தாத்தா கேட்பார். அவர்மேல் குற்றமில்லை. இது அந்த பி. ஏ. அல்ல, "பிஸிஷியன் அஸிஸ்டெண்ட்". டாக்டருடன் சேர்ந்து வேலை செய்து, நோயாளியைப் பரிசோதித்து, வியாதி இன்னதென்று நிதானித்து, மருந்தும் எழுதிக் கொடுப்பவர். பாட்டியின் முழங்காலை அவரே பார்த்துவிடலாம்!

"அப்படியானால் டாக்டராக முடியாதவர்களுக்குக் கொடுக்கிற ஆறுதல் பரிசுதானே?" என்று கேட்கும் உறவினர் எந்தக் குடும்பத்தில்தான் இல்லை? அவருக்குப் பதில் சொல்வதைவிட, இந்தத் தொழில் பிறந்த கதையைச் சொல்வது மேல்.

வட கரோலினா மாகாணத்தில் டியூக் சர்வகலாசாலை இருக்கிறது. அங்கே டாக்டர் யூஜின் ஸ்டெட் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். நோயாளிகள் பெருகுகிறார்கள், டாக்டர்கள் போதவில்லை என்பது அவருடைய கவலை. தெல்மா இங்கிள்ஸ் என்ற நர்ஸுடன் சேர்ந்து, அனுபவமுள்ள நர்ஸுகளுக்கு உயர்ந்த பயிற்சி கொடுக்க ஒரு திட்டம் போட்டார். நர்ஸுகளின் தேசிய அமைப்பு அதற்கு அங்கீகாரம் கொடுக்க மறுத்துவிட்டது. ஸ்டெட் சோர்ந்து போய் உட்கார்ந்துவிடவில்லை. அதே மாகாணத்தில் கார்லண்ட் என்ற சிற்றூரில், டாக்டர் ஏமஸ் ஜான்ஸன் என்பவர், ட்ரெட்வெல் என்ற உதவியாளரைத் தாமே பழக்கி வைத்திருந்தார். டாக்டர் வெளியூர் போனாலும் வைத்தியசாலை நடந்தது. இதை ஸ்டெட் அறிந்திருந்தார்.

1965-ல் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு வகுப்பு ஆரம்பமாயிற்று. நால்வரும் கடற்படையில் வைத்திய ஊழியம் செய்து கரைக்கு வந்தவர்கள். காயத்தைக் கட்டவும் உயிரைக் காக்கவும் கற்றிருந்தார்கள். ஆனால் கரையில் அந்தப் படிப்புக்கு ஏற்ற உத்தியோகம் கிடையாது. அவர்களில் மூவர் 1967 அக்டோபர் 6-ந் தேதி படிப்பை முடித்து வெளிவந்தார்கள்.

அந்த நால்வரில் ஒருவராவது சிறு வயதில், "நான் பி. ஏ. ஆவேன்" என்று சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்க முடியாது, அந்தப் பெயரில் ஒரு தொழிலே அப்போது இல்லை! திட்டத்தை மாற்றிக்கொண்ட ஒரு பேராசிரியர், வழியை மாற்றிக்கொண்ட நான்கு வாலிபர்களுக்காக உண்டாக்கிய தொழில் இது. இதில் வந்து சேருகிறவரைப் பார்த்து, "பாதை மாறிவிட்டாயே!" என்று சொல்வது, ரயில் ஜங்ஷனில் நின்றுகொண்டு, "இங்கே ஏன் வண்டி மாறுகிறாய்?" என்று கேட்பது போலத்தான்.

சரி, சேருவது சுலபமா? இல்லவே இல்லை. முதலில் ஒரு பட்டம் வேண்டும். ரசாயனம், உடற்கூறு, உடலியல், நுண்ணுயிரியல் முதலிய பாடங்களில் நல்ல மதிப்பெண் வேண்டும். பல பள்ளிகளுக்கு இதுவும் போதாது. நோயாளிகளோடு நேரில் பழகிய அனுபவம் இத்தனை மணி என்று கணக்குக் கேட்கிறார்கள். சில இடங்களில் அது 1,000 மணியைத் தாண்டும். ஆம்புலன்ஸில் போனவர், ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிக்கு முதுகு துடைத்து விட்டவர், இவர்களுக்கெல்லாம் அங்கே மரியாதை உண்டு. கணக்கு எழுதிக்கொண்டிருந்தவரோ, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவரோ முப்பது வயதில் விண்ணப்பம் போட விரும்பினால், முதலில் இந்த மணிக்கணக்கைச் சேர்க்க வேண்டும்.

படிப்பு ஏறக்குறைய 27 மாதம். பெரும்பாலும் முதல் வருஷம் வகுப்பு; பிறகு ஆஸ்பத்திரிகளில் பயிற்சி. வேலை பார்த்துக்கொண்டே படிப்பது அநேகமாக நடக்காத காரியம். ஆகவே சம்பளமில்லாத இரண்டு வருஷத்துக்கும், சம்பளத்தை நிச்சயம் கேட்கும் கல்விக் கடனுக்கும் தயாராக இருக்க வேண்டும். முடிவில் 300 கேள்விகள் கொண்ட தேசியப் பரீட்சை. டாக்டர் படிப்பென்றால் பட்டத்துக்குப் பிறகு நான்கு வருஷம், அதற்கு மேல் பயிற்சி மூன்று முதல் ஏழு வருஷம். வித்தியாசம் தெரிகிறதல்லவா?

இன்னொரு சௌகரியமும் உண்டு. இருதய சிகிச்சைப் பிரிவில் இருக்கும் பி. ஏ., நாளைக்குக் குழந்தை வைத்தியத்துக்கு மாற விரும்பினால் புதிய பட்டம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் தட்டின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பல மாகாணங்களில் சட்டப்படி டாக்டரின் மேற்பார்வையிலோ கூட்டுறவிலோதான் பி. ஏ. வேலை செய்யலாம். கடைசி வார்த்தை தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்ற மனசுள்ளவருக்கு, வருஷம் மிச்சமாகும், நிம்மதி மிச்சமாகாது.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. 1992-ல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இருதய அறுவை நிபுணர் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவில் இந்தப் பயிற்சியைத் தொடங்கி வைத்தார். 2021-ல் வந்த மத்திய சட்டத்தில் இந்தத் தொழிலுக்கும் இடம் கிடைத்தது. ஒன்றை மட்டும் பெற்றோர் குறித்துக்கொள்ள வேண்டும்: இங்கே வாங்கும் பி. ஏ. பட்டத்தை வைத்துக்கொண்டு அமெரிக்காவின் தேசியப் பரீட்சையை எழுத முடியாது. அங்கே அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்தவருக்கே அது திறந்திருக்கிறது.

நேர்முகத் தேர்வில் விண்ணப்பதாரர் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஏன் டாக்டருக்குப் படிக்கவில்லை?" "அது கஷ்டம், இது சுலபம்" என்பது பதில் ஆகாது. "நோயாளியின் பக்கத்தில் இருக்க வேண்டும், ஒருவர் தலைமையில் கூட்டாக வேலை செய்வது எனக்குப் பிடிக்கும், அதை நான் செய்து பார்த்திருக்கிறேன்" என்று ஒருவர் சொல்லி, அது உண்மையாகவும் இருந்தால், அதுவே பதில்.

அந்தக் கேள்வியை முதலில் வீட்டிலேயே கேட்டுவிடுவது நல்லது. தாயாரும் தகப்பனாரும் தாராளமாகக் கேட்கலாம். பிள்ளை பதில் சொல்லி முடிக்கும் வரையில் குறுக்கே பேசாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நேர்முகத் தேர்வை விட அதுதான் கஷ்டமான பரீட்சை. அதை எழுத வேண்டியவர்களோ நாம்!