இரவல் கணக்கு

புனே, பெங்களூர் கார்ப் பிரியர்களை மயக்கும் மந்திரம் ‘ஸ்டேஜ் டூ’. காற்று தாராளமாக நுழைய புதிய ஃபில்டர், புகை தடையின்றி வெளியேற அகலமான குழாய், பெரிய இன்டர்கூலர் எல்லாம் மாட்டிவிட்டால் டர்போ கார் சீறிப் பாயும் என்பது நம்பிக்கை. பாயத்தான் செய்கிறது. எத்தனை நாளைக்கு என்பதில்தான் சிக்கல்.

வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிறது டர்போ. 2013இல் இந்தியாவில் அறிமுகமான போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. காரின் 1.2 லிட்டர் எஞ்சின் 105 குதிரைசக்தி தந்தது இந்த வித்தையால்தான். அழுத்தத்தை உயர்த்தினால் சக்தி இன்னும் கூடும். ஆனால் அதற்கேற்ப பெட்ரோலையும் தீப்பொறியின் நேரத்தையும் மாற்ற வேண்டும். இதைத் தீர்மானிப்பது இ.சி.யு. என்கிற சிறு கணினி. அதிலுள்ள கணக்கைத் திருத்துவதே ட்யூனிங்.

பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். வேறொரு காருக்காக, பெரும்பாலும் ஐரோப்பிய பெட்ரோலுக்காக எழுதிய ஃபைலை லேப்டாப்பிலிருந்து அரை மணி நேரத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

சாதாரண பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று தேவை. டர்போ முழு மூச்சில் இயங்கும்போது அதை ஏறத்தாழ 12க்குக் குறைப்பார்கள். கூடுதல் பெட்ரோல் உள்ளே சூட்டைத் தணிக்கும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலிலோ 14.7 என்பதே சுமார் 13.5 ஆகிவிடுகிறது. இரவல் கணக்கு இடிப்பது இங்கேதான்.

வெயில் இன்னொரு வில்லன். தில்லியின் 45 டிகிரியில் உள்ளே போகும் காற்றே கொதிக்கிறது. தீப்பொறி சற்று முந்தினாலும் எரியாத கலவை தானாக வெடித்து பிஸ்டனைச் சம்மட்டியாய்த் தாக்கும். இதுதான் ‘நாக்கிங்’. சென்சார் இதை உணர்ந்து தீப்பொறியைத் தாமதப்படுத்தும். ஆனால் எல்லை மீறினால் சென்சாராலும் காப்பாற்ற முடியாது. பிஸ்டன் உடைந்தால் செலவு லட்சங்களில். வாரன்டியும் கைகொடுக்காது.

விவரமான ட்யூனர் முதலில் குழாய்களில் காற்றுக் கசிவு உண்டா என்று பார்ப்பார். பிளக்கைச் சோதிப்பார். அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, ஒவ்வொரு ஓட்டத்திலும் காற்று-பெட்ரோல் விகிதம், வெப்பம், நாக்கிங் அனைத்தையும் பதிவு செய்வார். இன்ஜெக்டரால் அதற்கு மேல் பெட்ரோல் தர முடியாத கட்டத்தை நெருங்கும் முன்பே நிறுத்திக்கொள்வார்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வாகனத்தைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

காரைக் கொடுக்குமுன் எல்லோரும் கேட்பது, “எத்தனை குதிரை கூடும்?” பதிவுகளைக் காட்டச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. காட்டத் தயங்குகிற ட்யூனரிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வதே லாபம்.