தவமிருக்கும் பூனை

சென்ற இதழில் தொழில்துறை நண்பர் ஒருவர் தொழிலாளர்களுக்குச் சொன்ன புத்திமதியைப் படித்தேன். சாரம் மூன்றே வரி. வேலைநிறுத்தம் என்றால் முதலீடு ஓடிவிடும். சங்கம் என்பது வெளியாட்கள் மூட்டும் தீ. சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்றால் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதானே. எல்லாம் தொழிலாளியின் நலனுக்காகவே சொல்கிறாராம்.

முதலில் ஓட்டம். செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைப் பேசுகிறவர் மறைமலை நகர் பக்கம் ஒரு நடை போய் வரலாம். 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று அது சொன்ன கணக்கில் வேலைநிறுத்தத்துக்கு ஒரு வரிகூட இல்லை. சுமார் 2,600 தொழிலாளர்களின் பிழைப்பு அமெரிக்காவில் எடுத்த ஒரு முடிவில் போனது. அவர்கள் நல்ல இழப்பீடு கேட்டு ஆலைக்குள் உட்கார்ந்தது 2022 மே இறுதியில். கதவு சாத்தப்படும் என்று தெரிந்து எட்டு மாதம் கழித்து! ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டதும் வரி வழக்கு, மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிய வியாபாரம் ஆகியவற்றின் இடிபாட்டில்தான். இந்த இரண்டில் எதை எந்தக் கொடி விரட்டியது?

நண்பர் மறந்த தேதி இன்னொன்று உண்டு. 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது உலகச் செய்தியானது. அதன் ஐந்தாம் நாள், செப்டம்பர் 13 அன்று, மறைமலை நகருக்குத் திரும்பி வர விரும்புகிறோம் என்று ஃபோர்டு தமிழ்நாடு அரசுக்குக் கடிதம் கொடுத்தது. போராட்டப் பந்தலிலிருந்து ஒரகடம் வழியாக வந்தால் அந்த ஆலை ஒரு மணி நேரப் பயணம். பயந்து ஓட வேண்டிய முதலீடு வண்டியைத் திருப்பிக்கொண்டு எதிரே வந்தது! 2025 அக்டோபர் இறுதியில் ஒப்பந்தமும் ஆனது: 3,250 கோடி ரூபாய், எஞ்சின் உற்பத்தி, 600 வேலை. போன வேலை எத்தனை, வரும் வேலை எத்தனை என்று நண்பரே கழித்துப் பார்க்கட்டும். முதலீடு வருவதும் போவதும் தன் லாபக் கணக்கைப் பார்த்து. தொழிலாளியின் வாயைப் பார்த்தல்ல.

அடுத்தது வெளியாள். சாம்சங் தொழிலாளர்கள் சம்பள உயர்வோடு முதன்மையாகக் கேட்டது தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். சங்கம் வைத்துப் பதிவு செய்வது 1926-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. அதைக் கேட்டு 37 நாள் தெருவில் இருந்தார்கள். பந்தலைப் போலீஸ் பிரித்தது. உயர் நீதிமன்றம் கெடு விதித்த பிறகு, 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. தென்கொரிய நிறுவனமும் அதன் வக்கீல்களும் முதலாளிகளின் கூட்டமைப்புகளும் சுங்குவார்சத்திரத்து மண்ணின் மைந்தர்கள். அதே ஆலையில் வேலை செய்பவர் கூப்பிட்டு வந்த சங்கத்துக்காரர் மட்டும் அந்நியர்! முதலாளிகள் கூடிப் பேசினால் அதன் பெயர் மாநாடு. தொழிலாளிகள் கூடினால் சதி.

இந்தப் பகுதியின் சராசரியைப் போல 1.8 மடங்கு சம்பளம் தருகிறோம் என்று சாம்சங் நிறுவனம் சொன்னதை நண்பரும் ஒப்பிக்கிறார். சராசரி ஏன் அத்தனை பள்ளத்தில் கிடக்கிறது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. ஆலைக்கு ஆலை ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர் என்று பெயர் மாற்றி ஆளெடுத்தால் சராசரி வேறு எங்கே கிடக்கும்?

கடைசியில் அந்த ‘வேறு வேலை’. போன மாதம் மாமல்லபுரம் போகும் வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதி ஒன்றின் வாசலில் எனக்கு கேட்டைத் திறந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். தொளதொளத்த காவலர் சட்டை. காலில் மட்டும் தேய்ந்துபோன பழைய சேஃப்டி ஷூ. உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பதினொரு வருடம் பிரஸ் ஷாப்பில் இருந்தாராம். ஆர்டர் நின்றதும் காண்ட்ராக்ட் ஆட்களை முதலில் நிறுத்தினார்கள். “செட்டில்மென்ட் எல்லாம் பர்மனென்ட் ஆளுங்களுக்குத்தான் சார். எங்களுக்குப் பாஸை வாங்கிக்கிட்டாங்க, அவ்வளவுதான்” என்றார். இப்போது பன்னிரண்டு மணி நேர வேலை. இதுதான் நண்பர் காட்டும் வேறு வேலை.

தொழிற்சாலை வேண்டாம் என்று இங்கே எவரும் சொல்லவில்லை. ஜிஎஸ்டி சாலையில் விடியற்காலைக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளின் வீட்டில் அடுப்பெரிவது அதனால்தான். அந்த அடுப்பைக் காட்டியே அவர்களை வாயடைக்கச் சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

அன்று அந்த விடுதி வாசலிலிருந்து மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறைக்குப் போனேன். கைகளை உயர்த்தித் தவமிருக்கும் பூனையையும் காலடியில் அதை நம்பி நிற்கும் எலிகளையும் பல்லவச் சிற்பி செதுக்கி வைத்திருக்கிறான். நண்பர் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். கட்டுரை எழுதும்போது, தான் நின்ற இடம் எதுவென்று அந்தப் பாறையில் தெரியும்.