கிலோமீட்டர் சரி, மணிக் கணக்கு?

சென்னைக்கும் லண்டனுக்கும் ஆகாய மார்க்கத்தில் சுமார் 8,200 கிலோமீட்டர். நேராகப் போகிற விமானத்துக்கு ஏறக்குறைய 11 மணி நேரம். சென்னையில் ரயில் ஏறிக் கன்னியாகுமரி போய்ச் சேரவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகிறது!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் நேர் விமானம் கிடைப்பதில்லை. கட்டணம் குறைவு என்று துபாய் வழியாகப் போகிறவர்கள் ஏராளம். சென்னை - துபாய் சுமார் 2,900 கிலோமீட்டர். துபாய் - லண்டன் சுமார் 5,500. கூட்டிப் பார்த்தால் சுற்றுவழி 200 கிலோமீட்டர்தான் அதிகம். அப்படியானால் பயணம் ஏன் 15 மணி, 20 மணி என்று இழுக்கிறது? இறங்கிய ஊரில் அடுத்த விமானத்துக்குக் காத்துக் கிடப்பதால்தான்! தூரம் கொல்வதில்லை, காத்திருப்பு கொல்கிறது.

இதைச் சில டிக்கெட் ஏஜெண்டுகள் வாய் திறந்து சொல்வதில்லை. "காலையில ஏறினா மத்தியானம் லண்டன் சார்!" என்று அடித்து விடுகிறார்கள். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் லண்டன் கடிகாரம் நம்மைவிட ஐந்தரை மணி பின்னால். கோடையில் நாலரை மணி. காலை 6 மணிக்குப் புறப்பட்டுப் பகல் 12 மணிக்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருந்தால் அது 6 மணி நேரப் பயணம் அல்ல. குளிர்காலமானால் பதினொன்றரை மணி!

இது வெறும் கணக்குப் பாடமா? இல்லை. பெற்ற தகப்பன் கண்ணை மூடிவிட்டார் என்று நள்ளிரவில் போன் வருகிறது. "நாளை சாயங்காலம் வந்துடுவேன்" என்கிறான் மகன். ஊர் சனம் கூடிவிடுகிறது. ஐஸ் பெட்டி வாடகை ஏறுகிறது. "எப்போ எடுக்கிறது?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். மகனோ நடுவழியில் ஏதோ ஒரு ஊர் விமான நிலையத்தில், கையைப் பிசைந்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். கடைசியாக முகம் பார்க்கவும் முடியாமல் போகிற கொடுமையை யாரிடம் சொல்லி அழுவது?

இன்னொரு வில்லங்கமும் உண்டு. மலிவு என்று இரண்டு விமானத்துக்கும் தனித்தனி டிக்கெட் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது பறந்துவிடும். முதல் கம்பெனி பொறுப்பு ஏற்காது. இரண்டாவது டிக்கெட் பணமும் பெரும்பாலும் போனது போனதுதான்!

ஆகவே ஏஜெண்டுகள் மூன்று விஷயத்தைத் தமிழில், கொட்டை எழுத்தில், ரசீதிலேயே எழுதித் தரவேண்டும். வீட்டு ஊரில் ஏறியது முதல் போய் இறங்குவது வரை மொத்தம் எத்தனை மணி? நடுவில் எங்கே, எத்தனை மணி காத்திருக்க வேண்டும்? ஒரே டிக்கெட்டா, இரண்டா?

பஸ்ஸில் கூடப் போகிற இடத்தைப் பலகையில் எழுதி மாட்டுகிறார்கள். பல ஆயிரம் ரூபாய் வாங்குகிறவர்களுக்கு மூன்று வரி எழுதக் கை வலிக்குமா?

பயணிகளும் சும்மா இருக்கலாகாது. பணத்தை நீட்டும் முன்பே கேளுங்கள்: "மொத்தம் எத்தனை மணி நேரம்?"