பூவும் தமிழ் மாணவரும்

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிக் கூறினார். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் யாம் அவற்றை மனப்பாடஞ் செய்கின்றோம். ஒன்றையேனும் கீறிப் பார்த்தவர் எம்முள் எத்துணையர்? மலராராய்ச்சி தாவரநூல் மாணவர்க்கே உரியதென ஒதுங்குதல் தகாதென்பது எம் கருத்து.

பூசணியை நோக்குக. அடியிற் சிறு பிஞ்சுடையது பெண் பூ. வெறுங்காம்பின்மேல் நிற்பது ஆண் பூ. ஆண் பூவின் தாதைத் தேனீ கொணர்ந்து பெண் பூவின் சூல்முடியிற் சேர்க்க, அத்தாதினின்று நுண்குழல் நீண்டு சூற்பையுட் புகுந்து சூலைக் கருவுறச் செய்கின்றது. சூல் விதையாகும், சூற்பை காயாகும். தேனீ வாராவிடிற் பிஞ்சு வெம்பி வீழும்.

பனையிலோ ஆணும் பெண்ணும் வெவ்வேறு மரங்கள். திருவோத்தூரில் ஆண்பனை காய்த்ததைப் பெரியபுராணம் அற்புதமென்று கூறுவது, ஆண்பனை காயாதென நம்மவர் அறிந்திருந்தமையாலன்றோ? மேனாட்டில் காமெராரியசு என்பார் செடிகளின் ஆண்பெண் தன்மையைச் சோதித்து வெளியிட்டது 1694-இல். முந்தியவர் யாரென வழக்காடுதல் எம் நோக்கமன்று.

சூல் என்னுஞ் சொல் மகளிர்க்கும் மேகத்திற்கும் பயிர்க்கும் ஒருங்கே வழங்குவது. அதனை அறிந்தவனுக்குப் பாடத்திற் பாதி முன்னரே விளங்கிவிடும். எனவே எம் தமிழ்ச் சங்கத்தார் திங்களுக்கொரு மாலையேனும் தாவரநூற் கூடத்தில் உருப்பெருக்குக் கண்ணாடியோடு கூடுதல் வேண்டும். முதற் கூட்டத்திற்குப் பூசணிப்பூ எளிதிற் கிடைக்கும்.