குட்டியின் விலையும் தாயின் கணக்கும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் செல்லும் சாலை கல்லாற்றைக் கடந்ததும் பொன்முடி மலையில் ஏறத் தொடங்குகிறது. 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால், ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் மூடுபனி நம்மை வரவேற்கும். அண்மையில் ஒரு விடுமுறை நாளில் அவ்வழியே சென்ற நாம், மலையேற்றம் தொடங்கும் முன்னர் சாலையோரத் தேநீர்க் கடையொன்றில் வண்டியை நிறுத்தினோம். நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தினரைச் சுற்றி அங்கே சிறு கூட்டம் கூடியிருந்தது. அவர்களுடைய மகளின் கையில் நீலக் கண்களும் அடர்ந்த சாம்பல் நிற ரோமமும் கொண்ட ஒரு நாய்க்குட்டி இருந்தது. ‘பாம்ஸ்கி’ என்று அதன் இனப்பெயரைச் சொன்னார்கள். பொமரேனியனும் சைபீரியன் ஹஸ்கியும் கலந்ததாம். தம் ஒரு மாதச் சம்பளம் முழுவதும் அதற்கே போய்விட்டதாகக் குடும்பத் தலைவர் சற்றுப் பெருமையுடனேயே கூறினார்.

“இதன் தாயைப் பார்த்தீர்களா?” என்று கேட்டோம்.

“இல்லை சார். போனில் படம் அனுப்பினார்கள், பிள்ளைக்குப் பிடித்துவிட்டது, பணத்தை அனுப்பினோம். வேனில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்” என்றார் அவர்.

அதே கடையின் பெஞ்சுக்கு அடியில் செம்மண் நிற நாட்டு நாய் ஒன்று படுத்திருந்தது. அதைப் படமெடுக்க எவரும் முன்வரவில்லை. ஆனால் கடைக்காரருக்கு அதன் தாயையும் தெரிந்திருந்தது, பாட்டியையும் தெரிந்திருந்தது. விலைபோகாத நாயின் பிறப்பு ஊரறிந்த செய்தியாக இருக்க, பெருந்தொகை கொடுத்து வாங்கிய நாயின் பிறப்பு வாங்கியவருக்கே தெரியவில்லை. இந்த முரண்பாடே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இரு வேறு இன நாய்களை வேண்டுமென்றே இணைத்து, பிறக்கும் குட்டிக்கு இரண்டு இனப்பெயர்களையும் ஒட்டிப் புதுப்பெயர் சூட்டி விற்பதை ‘டிசைனர் நாய்’ வணிகம் என்கிறார்கள். லாப்ரடாரும் பூடுலும் சேர்ந்தால் லாப்ரடூடுல். காக்கர் ஸ்பானியலும் பூடுலும் சேர்ந்தால் காக்கபூ. இவ்வணிகத்தைக் கண்டிப்போர் பலர், கலப்பையே குற்றமாகக் கருதுகின்றனர். நாம் அக்கருத்தை ஏற்கவில்லை. கலப்பைப் பழிக்கும் மனப்பான்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் திருவனந்தபுரத்திலேயே ஒரு சான்று உண்டு.

2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், நகரின் சாக்கைப் பகுதியில் கைவிடப்பட்டிருந்த ஒரு பொமரேனியன் நாயை விலங்குநல ஆர்வலர்கள் மீட்டனர். அதனுடன் ஒரு கடிதமும் இருந்தது. நல்ல இனம், நல்ல பழக்கங்கள், நோய் எதுவும் இல்லை, ஐந்து நாளுக்கு ஒருமுறை குளிப்பாட்டப்படும், பாலும் பிஸ்கட்டும் பச்சை முட்டையும் உண்ணும், மூன்று ஆண்டுகளில் ஒருவரையும் கடித்ததில்லை என்று வளர்த்தவர் விரிவாக எழுதியிருந்தார். இவ்வளவு நற்சான்றும் வழங்கிய பிறகு, கைவிட்டதற்கான காரணத்தையும் குறிப்பிட்டிருந்தார்: அண்டை வீட்டு நாயுடன் அதற்குத் தகாத உறவு ஏற்பட்டுவிட்டதாம்! நாடெங்கும் நாளிதழ்கள் இதை வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டன. ஆனால் நின்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வராது. தானாக நிகழ்ந்த கலப்பு ஒரு வீட்டில் மானக்கேடாகி, நாயைத் தெருவில் தள்ளுகிறது. காசுக்காக நிகழ்த்தப்படும் கலப்போ இன்னொரு வீட்டில் பெருமையாகிறது. இரண்டு வீட்டிலும் நாய் என்ற உயிரைவிட அதன் பெயருக்கே மதிப்பு. தவறு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

டிசைனர் நாய்களின் வரலாறு நல்லெண்ணத்தில்தான் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் சங்கத்தில் வாலி கான்ரன் என்பவர் இனப்பெருக்கப் பொறுப்பாளராக இருந்தார். ஹவாயில் வாழ்ந்த பார்வையற்ற பெண்மணி ஒருவர் வழிகாட்டி நாய் வேண்டுமென அச்சங்கத்தை அணுகினார்; அவருடைய கணவருக்கோ நாய் ரோமம் ஒவ்வாமை. பூடுல் நாய்களைப் பழக்கிப் பார்த்துப் பயனில்லாமல், 1989இல் லாப்ரடாரையும் பூடுலையும் இணைத்தார் கான்ரன். பிறந்த மூன்று குட்டிகளுள் ஒன்று மட்டுமே அக்கணவருக்கு ஒத்துக்கொண்டது. மற்ற குட்டிகளைக் ‘கலப்பு’ என்று சொல்லி வளர்க்க எவரும் முன்வராதபோது, ‘லாப்ரடூடுல்’ என்ற பெயரை அவர் சூட்டினார். நாய் மாறவில்லை, பெயர்தான் மாறியது, கேட்போர் குவிந்தனர். பிற்காலத்தில் கண்டவரெல்லாம் காசுக்காக இக்கலப்பில் இறங்கியதைக் கண்டு, தாம் செய்த செயலுக்காக வருந்துவதாக அவரே வெளிப்படையாகக் கூறினார்.

கலப்பின நாய்க்கு நோய் வராது என்பது விற்பனையாளர் அடிக்கடி கூறும் வாக்குறுதி. நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருக்கப்பட்ட இனங்களோடு ஒப்பிட்டால், கலப்பினால் சில பரம்பரை நோய்கள் குறைய வாய்ப்புண்டு என்பது அறிவியலே. எனினும் இருபக்கப் பெற்றோரிடமும் ஒரே குறை இருந்தால், கலப்பு அதை நீக்கிவிடாது. லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், பெயர்பெற்ற மூன்று கலப்பினங்களை அவற்றின் தாய் தந்தை இனங்களோடு 57 பொதுவான நோய்க்குறைகளில் ஒப்பிட்டனர். ஏறத்தாழ 87 விழுக்காடு ஒப்பீடுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடே காணப்படவில்லை. அதாவது, நலத்தின் பெயரால் நாம் கூடுதலாகக் கொடுக்கும் தொகைக்குப் பெரும்பாலும் பொருள் இல்லை.

இனி, தேநீர்க் கடையில் கண்ட பாம்ஸ்கிக்கு வருவோம். சிறிய உடலுடைய பொமரேனியனால் ஹஸ்கியின் குட்டிகளைச் சுமந்து பெறுவது உயிருக்கே ஆபத்து. எனவே ஹஸ்கியே தாயாக்கப்படுகிறது. உருவ வேறுபாட்டின் காரணமாகப் பெரும்பாலும் செயற்கைக் கருவூட்டலே வழி. ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளுள் ஒன்று தாயைப் போல் வளரும், ஒன்று தந்தையைப் போல் சிறுக்கும். எல்லாவற்றுக்கும் நீலக் கண் அமைவதில்லை. படத்தில் காட்டப்படுவது அவற்றுள் ஒன்று மட்டுமே. படத்துக்குப் பொருந்தாத குட்டிகள் எங்கே போகின்றன? சைபீரியக் குளிருக்கென அமைந்த இரட்டை ரோமத்துடன், கேரளத்து வெப்பத்தில் அந்தத் தாய் எப்படி வாழ்கிறது? எத்தனையாவது ஈற்றைப் பெற்றிருக்கிறது? விலைப்பட்டியலில் இவற்றுக்கு இடமில்லை.

இக்கேள்விகளுக்குச் சட்டம் விடை வகுத்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, இத்தொழிலைச் செய்பவர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 மாதம் நிரம்பாத பெண் நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தலாகாது; எட்டு வயதுக்கு மேலும் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேலும், வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேலும் ஆகாது. எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கக் கூடாது. தூய இனத்துக்கும் கலப்பினத்துக்கும் இவ்விதிகள் ஒன்றே.

விதிகள் நல்லவையே, அவற்றைத் தாங்கி நிற்கும் தண்டனைதான் மிக மெலிந்தது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி, பசி தாகத்தால் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது குற்றம். முதன்முறை அக்குற்றத்துக்கான அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! பல்லாயிரம் ரூபாய்க்கு வாங்கிய நாயைத் தெருவில் விடுவதற்கு ஐம்பது ரூபாய். இந்த இரு எண்களையும் அருகருகே எழுதிப் பார்த்தாலே நம் காலத்தின் மனநிலை விளங்கும். 2021இல் திருவனந்தபுரத்தை அடுத்த அடிமலைத்துறைக் கடற்கரையில் புரூனோ என்ற வளர்ப்பு நாய் அடித்துக் கொல்லப்பட்டபோது, கேரள உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, அந்நாயின் பெயரையே அவ்வழக்குக்குச் சூட்டியது. வளர்ப்பு விலங்குகளை உள்ளாட்சி அமைப்புகளில் பதிந்து உரிமம் பெறச் செய்யவேண்டும் என்றும் அறிவுறுத்தியது. பதிவும் உரிமமும் தொல்லைகள் அல்ல. ஓர் உயிருக்குப் பொறுப்பாளர் இவர் என்று எழுத்தில் சொல்லும் ஏற்பாடுகள்.

தூய இனமே சரியான மாற்று என்று சொல்வதும் நம் நோக்கமன்று. வெண்ணிற இராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு காணப்படுவது நெடுங்காலமாக அறியப்பட்டதே. கைப்பேசி விளம்பரம் ஒன்றால் இந்நாட்டில் புகழ்பெற்ற பக் நாய்கள், தட்டை மூக்கால் மூச்சுக்கே திணறுவதையும் பார்க்கிறோம். நேர்மையாகத் தொழில் செய்யும் வளர்ப்பாளர்களும் இருக்கிறார்கள். பெற்றோர் இருவரையும் சோதித்து, குறைவாகவே குட்டி ஈனச் செய்து, கேட்பவரையெல்லாம் தரம் பார்த்துத் திருப்பியனுப்பும் அவர்களைக் குறைகூறுவது முறையன்று. தூய்மையோ கலப்போ, தாயை மறைத்து விற்கும் வணிகத்தையே நாம் எதிர்க்கிறோம். கேட்பவர் இருக்கும்வரைதான் அவ்வணிகம் இருக்கும். ஆகவே பொறுப்பில் பாதி வாங்குபவரான நம்முடையது.

வங்கி வாடிக்கையாளர்களாகிய நமக்குக் கணக்குப் பார்ப்பது புதிதன்று. ஒரு நாய் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடியது. உணவு, தடுப்பூசி, மருத்துவம், குளிரூட்டிய அறைக்கான மின்கட்டணம் ஆகியவற்றைக் கூட்டினால், குட்டியின் விலை முதல் தவணை மட்டுமே என்பது விளங்கும். மகிழுந்துக் கடனுக்குக் கையொப்பமிடும் முன் பத்துப் பக்கம் படிக்கும் நாம், உயிருள்ள ஒன்றைப் படம் பார்த்த பத்து நிமிடத்தில் வாங்குவது முறையாகுமா? படத்தை மட்டும் அனுப்பி முன்பணம் பெற்றுக்கொண்டு மறைந்துவிடும் மோசடிகளும் இத்துறையில் நடக்கின்றன. நேரில் காணாத குட்டிக்குப் பணம் அனுப்பாதிருப்பது, நாய்க்கும் நன்மை, நம் சேமிப்புக்கும் பாதுகாப்பு.

வாங்கியே தீரவேண்டும் என்போர் சிலவற்றைக் கேட்டுப் பெறலாம். பிறந்த இடத்துக்கே சென்று தாயைக் காட்டச் சொல்ல வேண்டும். தயங்கினால் திரும்பிவிட வேண்டும். பதிவு எண், தடுப்பூசிக் குறிப்பு, பற்றுச்சீட்டு மூன்றையும் எழுத்தில் பெறவேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் சங்கம் அங்கீகரிக்கப்பட்ட இனங்களுக்கே வம்சாவளிச் சான்று தருகிறது. புதுப்பெயர்க் கலப்பினத்துக்கு அத்தகைய சான்று உண்டென்று சொன்னால் ஐயுறுக. இனப்பெயர் தேவையில்லை, துணைதான் தேவை என்போருக்கு, தெருவிலும் மீட்பகங்களிலும் காத்திருக்கும் நாட்டு நாய்கள் ஏராளம். நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய உடல் அவற்றுடையது.

அன்று மாலை பொன்முடியிலிருந்து இறங்கியபோது அதே கடையில் மீண்டும் நின்றோம். மலைக்குளிரில் துள்ளிய குட்டி, இறங்கியதும் மூச்சிரைத்துக் காரின் குளிர்க்காற்றுக்கு முகம் காட்டியபடி இருந்தது. அக்குடும்பத்தார் கொடியவர்கள் அல்லர்; குட்டியை மடியில் வைத்துத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தனர். விடைபெறும்போது குடும்பத் தலைவர், “அந்த வளர்ப்பாளரின் எண் இருக்கிறது சார். தாயின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்கப்போகிறேன்” என்றார். பணம் அனுப்பும் முன்னரே நாம் ஒவ்வொருவரும் கேட்கவேண்டிய கேள்வி அது.