பெரியவரைக் கேட்டீர்களா?

என் பெரியப்பாவுக்கு 76-ஆம் வயதில் வலது நுரையீரலில் சிறு கட்டி ஒன்றைக் கண்டார்கள். புற்றுதான், வேறெங்கும் பரவவில்லை. டாக்டர் அவருடைய பிள்ளையைத் தனியே அழைத்து, "வயசாகிவிட்டது, ஆபரேஷன் எதற்கு?" என்றார். பிள்ளை தலையை ஆட்டினான். வராந்தா பெஞ்சியில் பத்திரிகை படித்துக் கொண்டிருந்த பெரியப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெஞ்சில் சளி கட்டியிருப்பதாகச் சொல்லி வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள்.

இதற்குப் பெயர் கருணையாம்! நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஓர் உடம்பு கத்தியைத் தாங்குமா என்பதைப் பிறந்த தேதியைப் பார்த்துச் சொல்ல இதென்ன ஜோசியமா? ஊதச் சொல்லி மூச்சை அளக்கக் கருவி இருக்கிறது; இருதயத்துக்குச் சோதனை இருக்கிறது. எத்தனை மாடி ஏறுகிறார் என்று பார்ப்பதுகூட டாக்டர்களின் வழக்கந்தான். பெரியப்பா தினம் மூன்று தடவை மொட்டை மாடிக்கு ஏறி இறங்கியவர்.

1933-இல் அமெரிக்காவின் ஸெயிண்ட் லூயி நகரில் டாக்டர் எவார்ட்ஸ் கிரஹாம் புற்றுக்காக ஒரு முழு நுரையீரலையே எடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்தார். நம்மவர்கள் இன்னும் அந்தக் கத்தியை நினைத்தே நடுங்குகிறார்கள். இன்று விலா இடுக்கில் சிறு துளையிட்டு, காமிராவை விட்டுச் செய்கிறார்கள். 2022-இல் வெளியான ஜப்பானிய ஆராய்ச்சி ஒன்று, 2 சென்டிமீட்டருக்கு மேற்படாத, ஓரத்திலுள்ள கட்டிக்கு மடல் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை என்று காட்டியது. மடலில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் கொண்டவர்களில் 100-க்கு 94 பேர் ஐந்து வருஷம் கழித்தும் உயிரோடிருந்தார்கள். முழு மடலை இழந்தவர்களில் 91 பேர்.

ஆபத்தே இல்லையென்று நான் சொல்லவில்லை. நிமோனியா வரலாம், இருதயத் துடிப்பு தாறுமாறாகலாம், பழைய மூச்சு திரும்பாமலே போகலாம். கத்தி வேண்டாமென்றால், கட்டியை மட்டும் குறிவைக்கும் கதிர்ச் சிகிச்சையும் உண்டு. இரண்டுமே வேண்டாமென்று பெரியப்பா சொல்லியிருந்தால் கைகூப்பி ஏற்றிருப்பேன். ஆனால் சொல்ல வேண்டியவர் அவரல்லவா? பேத்தி கல்யாணத்துக்கு எந்த மண்டபம் என்று அவரைத்தான் கேட்டார்கள். சுவருக்கு என்ன வர்ணம் என்றும் அவரைத்தான் கேட்டார்கள்.

நாலு மாதம் கழித்து ஒரு மாலை என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "ஏண்டா, இந்தச் சளி ஏன் இன்னும் போகமாட்டேன் என்கிறது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை.